காலி ரன் எப்போது எடுத்தது?

போன மாதம் ஆய்வகத்துக்கு வந்திருந்தபோது கேன்டீனில் உங்களுக்குப் பின்மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கவனிக்கவில்லை. ஓய்வுபெற்றவர்களை யாரும் கவனிப்பதில்லை. அதில் ஒரு வசதி, நிறையக் காதில் விழும். "ஒவ்வொரு ரன்னுக்கும் ஒரு காலி ரன்னாம். பாதி மெஷின் டைம் அதுலயே போகுது. பைத்தியக்காரத்தனம்" என்று உங்களில் ஒருவர் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டே பிரெட் பக்கோடாவைச் சாப்பிட்டீர்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வழக்கம் எப்படி வந்தது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்களே என்றுதான் தோன்றியது. அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் பெரிய பயந்தாங்கொள்ளி. இதே ஆய்வகத்தில் விஞ்ஞானியாகப் பணியில் இருந்த காலம் முழுக்க எனக்கு 'டென்ஷன் மேடம்' என்றுதான் பெயர். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்துவிட்டு, கேஸை அணைத்தோமா என்று பார்க்கத் திரும்பிப் போகிற ரகம். என் வீட்டுக்காரர் அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். கோப்பில் கையெழுத்துப் போட்ட மறுநிமிடம் அதை மறந்துவிடுவார். "உங்களுக்குப் பயமே வராதா?" என்று ஒருநாள் கேட்டேன். "ரெண்டு பேருக்கும் சேத்து நீதான் பயப்படுதியே, பெறகு எனக்கு எதுக்கு?" என்றார். திருநெல்வேலிக்காரர்களுக்குக் கிண்டல் மட்டும் தில்லி வந்தும் குறைவதில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக, நாங்கள் எதை அளந்தோம் என்பதை அவருக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். எங்கள் பிளாக்கில் தரைத்தளத்து மாமியிடம் ஒரு ரகசியத்தைச் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலத்துக்குள் அது பிளாக் முழுக்கப் போய்விடும். ஆனால் யாரிடமும் முழுசாக இருக்காது. ஒருவருக்குப் பெயர் மட்டும் தெரியும், ஒருவருக்கு ஊர், இன்னொருவருக்குத் தேதி. எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டால்தான் கதை கிடைக்கும். ரகசியம் அழியவில்லை, கலைந்து பரவிவிட்டது. இதற்குத்தான் ஸ்க்ராம்ப்ளிங் என்று பெயர். எங்கள் ஆய்வகத்தில் பிளாக் என்பது ஒரு சின்னப் படிகம், குடித்தனக்காரர்கள் அதற்குள் இருக்கும் அணுக்கருக்களின் ஸ்பின்கள், அதாவது குட்டிக் குட்டிக் காந்தங்கள்.

பரவியதை எப்படி அளப்பது? வீடு வீடாகக் கேட்க முடியாது. ஆகவே காலத்தைத் திருப்புகிறோம். பெரிய காந்தத்துக்குள் படிகத்தை வைத்து, ரேடியோ அலைத் துடிப்புகளை ஒரு கணக்கோடு கொடுத்தால் ஸ்பின்கள் வந்த வழியே திரும்பிப் போகும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் ரகசியம் மாமியிடமே முழுசாக வந்து சேரும். திருப்புவதற்குச் சற்று முன்னால் மூன்றாம் மாடியில் இருக்கும் ஒருவரை மட்டும் லேசாகத் தட்டுகிறோம். ரகசியம் அதுவரை மூன்றாம் மாடிக்குப் போகவில்லை என்றால் அந்தத் தட்டால் ஒன்றும் ஆகாது. போயிருந்தால், மாமியிடம் திரும்பி வருவது குறையும். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு பரவியிருக்கிறது என்று அர்த்தம்.

கேட்க அழகாக இருக்கிறது இல்லையா? நான் பயப்படுகிற இடம் இங்கேதான் இருக்கிறது. திரும்பி வருவது குறைய வேறு காரணங்களும் உண்டு. திருப்புகிற துடிப்புகள் துல்லியமாக இல்லாவிட்டாலும் குறையும். ரகசியம் பிளாக்கை விட்டு ரோட்டுக்கே போய்விட்டாலும் குறையும். திரையில் எல்லாக் குறைவும் ஒரே மாதிரிதான் தெரியும், காரணத்தை அது சொல்லாது. அதனால் யாரையும் தட்டாமல் சும்மா போய்ச் சும்மா திரும்புகிற ஓட்டம் ஒன்றையும் எடுத்து, தட்டிய ஓட்டத்தை அதனால் வகுக்கிறோம். நம்முடைய கோளாறு எவ்வளவு, உண்மையான பரவல் எவ்வளவு என்று அப்போதுதான் பிரித்துப் பார்க்கலாம். அதுதான் காலி ரன். ஹிந்திக்காரர்கள் வைத்த பெயர் என்றாலும் நமக்கும் விளக்கம் தேவைப்படாத பெயர்.

அந்தக் காலத்தில் ஒரு படிகத்துக்கு ஒரு காலி ரன் என்பதுதான் எங்கள் வழக்கம். காந்தம் எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை, வேதியியல்காரர்களோடு பங்கு. கிடைக்கிற நேரத்தில் காலி ரன்னையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தால் வேலை எப்படி நடக்கும் என்று எல்லோரும் நினைத்தோம். நானும்தான்.

எங்கள் தலைவரை நாங்கள் சர் என்று மட்டும் அழைப்போம். பஞ்சாபிக்காரர், குரல் பெரிசு, மனசும் பெரிசு. நான் சேர்ந்த புதிதில் ஓர் அழகான முடிவு கிடைத்து அவரிடம் ஓடினேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. "பஹலே கானா" என்றார், முதலில் சாப்பாடு. நல்ல வரைபடம் வந்தால் டிபன் டப்பாவைத் திறந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் அதை மறுபடி பார்க்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். வயிறு நிறைந்தால் ஆசை கொஞ்சம் அடங்குமாம். அன்று தயிர்சாதம் முடிந்து திரும்பிப் பார்த்தபோது என் முடிவில் பாதி, கழன்றுபோன ஒரு கேபிளின் வேலை என்று தெரிந்தது. அந்தச் சட்டத்தால் எங்கள் ஆய்வகம் பலமுறை மானம் பிழைத்திருக்கிறது.

அந்தச் சட்டத்தை அவரே மறந்த நாளில்தான் கதை ஆரம்பிக்கிறது.

ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு நிவி என்று ஒரு பெண் இருந்தாள். அது வீட்டில் கூப்பிடுகிற பெயர், இங்கே அதையே வைத்துக்கொள்கிறேன். லோதி ரோடு குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். மற்றவர்கள் இருந்தால் என்னை மேடம் என்பாள், தனியாக இருந்தால் ஆன்ட்டி. அவளுடைய உதவித்தொகை அந்தக் கோடையோடு முடிகிறது. அதற்குள் ஒரு வியாழக்கிழமை ஆய்வுக் குழுவின் முன்னால் பேச வேண்டும். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் திரை வழியாக அதைக் கேட்கப்போகிறார்; அவர் குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, இவள் பேச்சைக் கேட்டுவிட்டு முடிவு சொல்வதாக இருந்தார். அந்த இடம் கிடைக்காவிட்டால் வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கண் சிரிக்கவில்லை.

அந்த வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவள் தன் வரைபடத்தைக் கொண்டுவந்தாள். வெளியே லூ என்கிற கோடை அனல்காற்று, புழுதியில் வானம் பழுப்பாக இருந்தது. அறையில் ஏசி முனகிக்கொண்டு சொட்டிக்கொண்டிருந்தது. அவள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். திரும்பி வரும் அளவு சரசரவென்று இறங்கியது. கோட்பாட்டுக்காரர்கள் வரைந்து வைத்திருந்த கோட்டின் மேலேயே ஒவ்வொரு புள்ளியும் போய் உட்கார்ந்திருந்தது. இவ்வளவு வேகமாக ரகசியம் கலைவதை எங்கள் மாதிரியான படிகத்தில் யாரும் காட்டியதில்லை. சர் எழுந்து நின்றுவிட்டார். "கமால் ஹை!" என்று வியந்து கத்திவிட்டு, சாப்பாட்டை எல்லாம் மறந்து எல்லோருக்கும் சமோசா சொல்லியனுப்பினார்.

எனக்கும் சந்தோஷம்தான். பொய் சொல்லவில்லை. ஆனால் சந்தோஷம் வந்தால் கூடவே ஒரு சந்தேகமும் வருவது என் வழக்கம். புள்ளிகள் ரொம்பவும் ஒழுங்காக இருந்தன. எதற்கும் கேட்டுவைப்போம் என்றுதான் கேட்டேன்.

"காலி ரன் எப்ப எடுத்தது?"

"அதெல்லாம் அப்பவே ஆச்சு மேடம்" என்றாள் நிவி, சமோசாவைப் பிட்டுக்கொண்டே. "நீங்க ஹீட்டர் பக்கத்துல உக்காந்து மூங்ஃபலி உரிச்சுக் குடுத்தீங்களே, அன்னிக்குத்தான்."

மூங்ஃபலி என்றால் வேர்க்கடலை. தில்லியில் வறுத்த வேர்க்கடலை என்றால் அது ஜனவரி. நான் சால்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்ததும், அவள் கையுறையோடு தட்டச்சு செய்ததும் அப்படியே நினைவுக்கு வந்தது. தட்டிய ஓட்டங்களை அவள் எடுத்தது ஏப்ரல் முடிவிலும் மே மாதத்திலும். காந்தத்துக்குக் கவலையில்லை, அது ஹீலியத்தில் மூழ்கிக் கிடக்கிறது. ஆனால் துடிப்புகளைக் கொடுக்கிற ஆம்ப்ளிஃபயர் இந்த அறையில், இந்தச் சூட்டில் நிற்கிறது. சூடு ஏறினால் துடிப்பின் பலம் நழுவும். ஒரு துடிப்பில் தெரியாது. நூற்றுக்கணக்கான துடிப்புகள் போட்டுக் காலத்தைத் திருப்பும்போது சின்னச் சின்னப் பிசகுகள் சேர்ந்துகொண்டே போகும். பயணம் நீளமாக நீளமாகத் திரும்பி வருவது சரசரவென்று இறங்கும். கோடைக்கால அளவீட்டைக் குளிர்கால காலி ரன்னால் வகுத்திருக்கிறோம். திரையில் இறங்குவது ஸ்க்ராம்ப்ளிங்கா, தில்லி வெயிலா?

இதைச் சொன்னதும் சர் சமோசாவைத் தட்டில் வைத்தார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. இருந்தாலும், "கோட்பாட்டோடு இவ்வளவு ஒட்டுகிறதே, தப்பாக இருந்தால் எப்படி ஒட்டும்?" என்றார்.

"அதுதான் சர் எனக்குப் பயமே. நமக்கு எது வேணுமோ அதுவே வந்திருக்கு."

அவர் கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "வியாழக்கிழமைக்குள் நீங்கள் இருவரும் எதைக் கொண்டுவருகிறீர்களோ அதில் நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். அவர் ஆணையிட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். முடிவை என் மடியில் போட்டுவிட்டுப் போனது அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது.

மெஷின் எங்களிடம் இல்லை, அந்த வாரம் வேதியியல்காரர்களுடையது. நான் போய்க் கெஞ்சினேன். கெஞ்சுவதற்கு எனக்கு வெட்கம் கிடையாது. சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை கொடுத்தார்கள், அதற்கு மேல் ஒரு நிமிடமும் கிடையாது என்றார்கள்.

தாழ்வாரத்தில் வாட்டர் கூலர் பக்கத்தில் நிவி எனக்காகக் காத்திருந்தாள். அதற்குள் அவள் ஒரு திட்டம் போட்டிருந்தாள்.

"ஆன்ட்டி, சனிக்கிழமை காலி ரன் மட்டும் ஃபுல்லா எடுத்துடலாம். இப்பவும் கர்மி, அதே சூடுதானே? அதை வெச்சுப் பழைய டேட்டாவை வகுத்துடலாம். எல்லா பாயிண்டும் அப்படியே இருக்கும்."

யோசனை தப்பில்லை. உங்களில் பத்தில் ஒன்பது பேர் அதைத்தான் செய்வீர்கள். எனக்கும் ஒரு கணம் அப்பாடா என்றுதான் இருந்தது. ஆனால் ஏப்ரல் முடிவில் ஒரு சூடு, புழுதிப்புயல் வந்த அன்றைக்கு வேறொரு சூடு, மழை தூறிய ஒரு நாள் வேறு.

"எந்த நாள் சூட்டுக்கு எடுப்ப? அதுல ஒவ்வொரு பாயிண்டும் ஒவ்வொரு நாளு எடுத்தது."

"பின்ன என்ன பண்றது?"

"தட்டி ஒண்ணு, தட்டாம ஒண்ணு. மாத்தி மாத்தி எடுப்போம். சூடு ஏறுனா ரெண்டுக்கும் சேந்தே ஏறட்டும்."

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இருக்கிற நேரத்தில் அப்படி எடுத்தால் கால்வாசிப் புள்ளிகள்தான் வரும். எவ்வளவு பிசகியிருக்கலாம் என்று காட்டும் பிழைக்கோடு ஒவ்வொரு புள்ளிக்கும் நீளமாக இருக்கும்.

"மத்லப், அப்படின்னா இதுவரைக்கும் எடுத்ததெல்லாம் தூக்கிப் போடணுமா? ஏன் ஆன்ட்டி இப்படிப் பண்றீங்க? சர் ஓகே சொல்லிட்டாரு இல்ல?"

"ஏளா, சர் ஓகேன்னு சொல்லல. எங்கிட்ட விட்டுட்டுப் போயிருக்காரு."

அவள் தண்ணீர்க் குவளையைக் கூலர் மேல் ஓங்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்தும் எனக்கு நிலைகொள்ளவில்லை. அந்த வரைபடம் சரியாகவே இருந்துவிட்டால்? என் பயத்துக்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையில் விளையாடுகிறேனா? வீட்டுக்காரர் சேனலை மாற்றிக்கொண்டே, "கேஸ் அடைச்சிருக்கான்னு ஒரு தடவ பாத்தா தப்பில்ல. பத்துத் தடவ பாத்தாத்தான் வியாதி. இது எத்தனாவது தடவ?" என்றார். முதல் தடவை என்றேன். "அப்ப பாரு" என்றார்.

சனிக்கிழமை அவள் வந்தாள். வருவாளா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது. என் பக்கம் திரும்பவில்லை, ஆனால் வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. தட்டி ஒன்று, தட்டாமல் ஒன்று. திரையில் இரண்டு வரிசையாகப் புள்ளிகள் மெதுவாக வந்துகொண்டிருந்தன. முதலில் குட்டைப் பயணங்கள், அதன் பிறகு நீளமானவை. குட்டைப் பயணங்களில் இரண்டு வரிசைக்கும் வித்தியாசமே இல்லை. அது சரிதான், அதற்குள் ரகசியம் மூன்றாம் மாடிக்குப் போயிருக்க முடியாது.

நீளமான பயணங்களுக்கு வந்தபோது ஏசி நின்றுவிட்டது.

லைட் ஒருமுறை கண்சிமிட்டியது, அவ்வளவுதான். மெஷின் யூ.பி.எஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. ஏசி மட்டும் ட்ரிப் ஆகி ஊமையாகிவிட்டது. தில்லியில் அந்த மாதத்தில் ஏசி நின்றால் அறை எவ்வளவு சீக்கிரம் அடுப்பாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிவியின் கை நிறுத்துகிற பட்டனுக்குப் போனது.

"ரன் கெட்டுப்போகும் ஆன்ட்டி. நிறுத்திட்டு, ஏசி வந்தப்புறம் எடுக்கலாம்."

எந்தப் பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்லும். என் சுபாவமும் அதைத்தான் சொன்னது. வழக்கமாக அவளுக்கு முன்னால் நான்தான் ஓடிப்போய் நிறுத்தியிருப்பேன். ஆம்ப்ளிஃபயர் எரிந்துபோனால் எங்கள் வேலை மட்டுமல்ல, வேதியியல்காரர்களுடைய வேலையும் மாதக்கணக்கில் நிற்கும். எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள். ஆனால் அந்த நேரத்தில் வேறொன்று தோன்றியது. நாங்கள் பயந்த சூடு இதோ தானாகவே வந்திருக்கிறது. நாங்கள் எடுக்கும் முறை சரி என்றால் அது இப்போது தெரிந்துவிடும். குளிர்ந்த அறையில் எடுத்தால் ஒருபோதும் தெரியாது.

"நிறுத்தாத. ஓடட்டும்."

"ஆம்ப்ளிஃபயர்?"

"நான் பாத்துக்கிடுதேன். அதுல சூடுன்னு மஞ்ச லைட்டு வந்தா இன்னும் ஒரு ஜோடி. செவப்பு வரதுக்கு முன்ன நானே ஆஃப் பண்ணிருவேன்."

ஆம்ப்ளிஃபயர் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். கை சுட்டது. புடவை முதுகில் ஒட்டிக்கொண்டது. திரையில் தட்டிய புள்ளிகள் இறங்கத் தொடங்கின, தட்டாத புள்ளிகளும் கூடவே இறங்கின. சிக்னல் பாதியாகிவிட்டது. யாரையுமே தட்டாமல் சும்மா போய்வந்த ஓட்டம், வெறும் சூட்டால் அப்படி விழுந்தது. முந்தின நாள் வரைபடத்தில் நாங்கள் சமோசா வாங்கிக் கொண்டாடிய அதே சறுக்கல். நிவி அதைப் பார்த்தாள். தட்டியதைத் தட்டாததால் வகுத்து, விகிதத்தை மூன்றாவது வரிசையாகப் போட்டாள். ஏசி நிற்பதற்கு முன்னும் பின்னும் அது கிட்டத்தட்ட அசையாமல் நின்றது.

என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியும் அவ்வளவு துக்கமும் ஒன்றாக வந்தது அந்த ஒரு தடவைதான். முறை சரி. அவளுடைய வரைபடம் தப்பு. மஞ்சள் விளக்கு வந்தது, இன்னொரு ஜோடி எடுத்தோம், நிறுத்தினேன்.

மிஞ்சியது என்னவென்றால், ஸ்க்ராம்ப்ளிங் இருந்தது. ஆனால் மெதுவாக. மிக நீண்ட பயணங்களில் மட்டும், கடைசியில் இருந்த இரண்டு மூன்று புள்ளிகளில், விகிதம் லேசாகக் குனிந்தது. பிழைக்கோடுகள் நீளநீளமாக நின்றன. கோட்பாட்டுக்காரர்களின் கோடு எங்கேயோ தனியாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. நிவி லேப்டாப்பை மூடிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அழுதிருந்தாள். நான் தெரியாத மாதிரி ஆம்ப்ளிஃபயரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சர் புது வரைபடத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார், கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை வந்தது. அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரே ஒரு எதிர்பார்ப்புதான். யாராவது எழுந்து, 'காலி ரன் எப்போது எடுத்தது?' என்று கேட்க வேண்டும். அவள், 'ஒவ்வொரு ஓட்டத்தோடும் மாற்றி மாற்றி எடுத்தோம்' என்று தலைநிமிர்ந்து சொல்ல வேண்டும். அந்த ஒரு பதிலில் நாங்கள் பட்ட பாடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

குழுவில் ஒருவர் படிகத்தை எங்கே வளர்த்தீர்கள் என்று கேட்டார். இன்னொருவர் வரைபடத்தில் எழுத்து சின்னதாக இருக்கிறது என்றார். வெளிநாட்டுப் பேராசிரியர் திரையில் மரியாதையாகச் சிரித்து, கவனமான வேலை என்று பாராட்டி, பிழைக்கோடு ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று கேட்டார். அவள் விளக்கினாள். அவர் தலையாட்டினார். அவ்வளவுதான், கைதட்டல், டீ. அவருடைய இடம் வேறொருவருக்குப் போய்விட்டது என்று அடுத்த வாரம் தெரிந்தது. இன்னும் பளிச்சென்ற முடிவு உள்ளவர் கிடைத்தாராம்.

அது தெரிந்த அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நிவி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"யாருமே கேக்கல ஆன்ட்டி."

நான் பஸ் வருகிற திசையைப் பார்த்தேன்.

"ஒருத்தர்கூட கேக்கல. நான் பழைய கிராஃபையே காட்டியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாங்க. சீட் எனக்குக் கிடைச்சிருக்கும். தெரியும்தானே உங்களுக்கு?"

"தெரியும்ளா" என்றேன். உண்மை ஜெயிக்கும் என்றெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ் வந்தது. அவள் என்னோடு ஏறாமல் ஓர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்திப் போய்விட்டாள்.

பின்னால் வேறு ஏதோ குழு அதே படிகத்தை அளந்து நாங்கள்தான் சரி என்று காட்டியது என்று முடித்தால் உங்களுக்கு நன்றாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்தப் படிகத்தை யாரும் திரும்ப அளக்கவே இல்லை. நிவி பட்டம் வாங்கிக்கொண்டு தெற்கே ஒரு சின்னக் கல்லூரிக்கு வேலைக்குப் போனாள், அங்கிருந்து வேறோர் ஆய்வகத்துக்கு. தீபாவளிக்கு ஒரு வாழ்த்து வரும், அதற்கு மேல் பேச்சில்லை. அன்று நான் பிடிவாதம் பிடித்தது நேர்மையாலா, வெறும் பயத்தாலா என்று பல வருடம் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அந்தப் பெண்ணை நினைத்தாலே மனசு வலிக்கும்.

சர் ஓய்வுபெற்றார். அவர் நாற்காலிக்குப் புதிதாக ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு இன்னும் சில மாதப் பணிதான் மிச்சம். முதல் நாள் அறைக்குள் போனேன், நாற்காலியில் நிவி இருந்தாள். ஆமாம், இத்தனை நேரம் நான் நிவி என்று கூப்பிட்டவரைத்தான் நீங்கள் மேடம் என்கிறீர்கள், அவர் வைத்த வழக்கத்தைத்தான் கேன்டீனில் பைத்தியக்காரத்தனம் என்கிறீர்கள். அவர் எழுந்து வணக்கம் சொன்னார். நானும் அவரை 'நீங்க' என்று கூப்பிடப் பழகிக்கொண்டேன். பழசை இருவரும் பேசவில்லை.

நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புதுப் படிகத்தில் அருமையான வளைவு ஒன்று எனக்குக் கிடைத்தது. இந்தத் தடவை நிஜமாகவே வேகமான ஸ்க்ராம்ப்ளிங் என்று நம்பினேன். பணிக்காலத்தின் கடைசி வரைபடம் இதுவாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். சாப்பிடக்கூட இல்லை, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். இரண்டு மாணவர்கள் அங்கே இருந்தார்கள். அவர் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். சமோசா சொல்லியனுப்பவில்லை.

"நல்லாருக்கு மேடம். காலி ரன் எப்ப எடுத்தது?"

"மாத்தி மாத்தித்தான் எடுத்தேன்" என்று ஆரம்பித்தேன். பாதியில் என் குரல் இறங்கியது. நடுவில் வேதியியல்காரர்களுக்கு அவசரம் என்று மெஷினை விட்டுக்கொடுத்திருந்தேன். திரும்ப வாங்கிய பிறகு, நேரம் போதாது என்று, கடைசிப் பகுதிக்குக் காலையில் எடுத்த காலி ரன்னையே போட்டிருந்தேன். டென்ஷன் மேடம், நானேதான். சொன்னேன்.

"அப்ப கடைசிப் பகுதியை மறுபடி எடுத்துடுங்க மேடம்" என்றார், சாதாரணமாக.

எனக்கு அடுத்த நொடி கண் கலங்கிவிட்டது. அவர் மாணவர்களைப் பார்த்தார், அவர்கள் வெளியே போனார்கள்.

"என்னாச்சு ஆன்ட்டி?"

"ஒண்ணுமில்ல" என்றேன். "ஒருத்தராவது கேட்டீங்களே."

அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். பிறகு லேப்டாப்பை மூடி என் கையில் கொடுத்தார்.

"ஜல்தி போங்க. சாயங்காலம் ஏசி எப்ப நிக்கும்னு தெரியாது."

போய் மறுபடி எடுத்தேன். தட்டி ஒன்று, தட்டாமல் ஒன்று. நான் ஆசையோடு தூக்கிக்கொண்டு ஓடிய அந்தச் சரிவில் பாதி காணாமல் போனது. மிஞ்சியதைத்தான் அன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம்.